மெதுவாகப் போவதற்கு ஒரு கியர்: காட்டுப் பாதை வண்டிகளின் கதை



நம் பள்ளி அறிவியல் பாடத்தில் எளிய எந்திரங்கள் என்றொரு தலைப்பு உண்டு. நெம்புகோல், கப்பி, சாய்தளம், ஆப்பு, திருகாணி, சக்கரமும் இருசும், பற்சக்கரம் என்று மாணவர்கள் மூச்சுவிடாமல் ஒப்பிப்பார்கள். பற்சக்கரத்திற்கு எடுத்துக்காட்டு கேட்டால் மட்டும் முட்டை அடிக்கும் கருவி, கடிகாரம் ஆகிய இரண்டோடு நின்றுவிடுவார்கள். பள்ளி வாசலில் நாள்தோறும் வந்து நிற்கும் ஹைலக்ஸ், பஜேரோ முதலிய வண்டிகளின் வயிற்றுக்குள் எத்தனை பற்சக்கரங்கள் உள்ளன, அவை ஏன் அங்கே வந்தன என்பதை யாரும் சொல்வதில்லை. பாடநூலிலும் அதற்கு இடமில்லை. ஆகவேதான் இக்கட்டுரை.

வண்டிகளின் வரலாறு என்றாலே வேகத்தின் வரலாறு என்று பிள்ளைகள் எண்ணிக்கொள்கிறார்கள். சாலையில் ஓடும் மகிழுந்துகளுக்கு அது பொருந்தலாம். சேற்றிலும் மணலிலும் பாறையிலும் ஏறி இறங்கும் வண்டிகளுக்குப் பொருந்தாது. மெதுவாகப் போவது எப்படி, போய்க்கொண்டிருக்கும்போது நின்றுவிடாமல் இருப்பது எப்படி என்னும் இரண்டு கேள்விகளுக்கும் விடை தேடி நூறாண்டுக்கு மேல் பொறியாளர்கள் பட்ட பாடுதான் அவற்றின் வரலாறு.

மணிக்கு 3 மைல்

1940ஆம் ஆண்டு ஜூலை மாதம் அமெரிக்க இராணுவம் 135 நிறுவனங்களுக்கு ஓர் அழைப்பை விடுத்தது. சிறிய, எடை குறைந்த, நான்கு சக்கரங்களும் இழுக்கக்கூடிய உளவு வண்டி ஒன்று வேண்டும். முதல் மாதிரியை 49 நாள்களில் கொண்டுவந்து நிறுத்த வேண்டும் என்பது நிபந்தனை. அந்தக் கெடுவைப் பார்த்தே பெரும்பாலோர் ஒதுங்கிக்கொண்டனர். பென்சில்வேனியா மாநிலத்துப் பட்லர் நகரில் இருந்த பாண்டம் என்னும் நலிந்த சிறு நிறுவனம் துணிந்து இறங்கியது. கார்ல் புரோப்ஸ்ட் என்ற பொறியாளர் இரண்டே நாளில் வரைபடத்தை முடித்தார். 1940 செப்டம்பர் 23ஆம் நாள், கெடு முடிவதற்குச் சற்று முன்னர், மேரிலாந்தில் உள்ள ஹோலபர்ட் முகாமுக்குள் அந்த வண்டி நுழைந்தது. பின்னாளில் உலகமே ஜீப் என்று அழைத்த வண்டியின் முன்னோடி அதுவே.

இராணுவம் கேட்ட தகுதிகளில் ஒன்று என்னை மிகவும் கவர்ந்தது. வண்டியின் உயர்ந்த வேகம் மணிக்கு 50 மைல் இருக்க வேண்டும் என்றதோடு நிற்காமல், குறைந்த வேகம் 3 மைலாகவும் இருக்க வேண்டும் என்றார்கள். 3 மைல் என்பது ஏறத்தாழ 5 கிலோமீட்டர்; ஒரு மனிதன் நடக்கும் வேகம். நடந்து செல்லும் படைவீரர்களோடு அவர்களின் நடைக்கு இசைந்து வண்டியும் ஊர்ந்து வர வேண்டும்.

இதில் என்ன கடினம் என்று தோன்றும். பெட்ரோல் எந்திரத்தின் இயல்பை அறிந்தால்தான் கடினம் புரியும். நீராவி எந்திரமும் மாட்டு வண்டியும் நின்ற நிலையிலிருந்தே இழுக்கும். பெட்ரோல் எந்திரம் அப்படியன்று. நிமிடத்திற்குச் சில நூறு சுற்றுகளேனும் சுற்றாவிட்டால் அது அணைந்துவிடும். அதன் முழு முறுக்கு விசையும் இன்னும் வேகமாகச் சுற்றும்போதுதான் கிடைக்கும். எந்திரம் விரைந்து சுற்ற வேண்டும், சக்கரமோ மெல்ல உருள வேண்டும். இவ்விரண்டுக்கும் நடுவே நின்று சமரசம் செய்து வைப்பதே கியர்ப் பெட்டியின் வேலை. சிறிய பற்சக்கரம் பெரிய பற்சக்கரத்தைச் சுழற்றும்போது வேகம் குறைகிறது, முறுக்கு விசை கூடுகிறது. பாடநூலில் நாம் சொல்லிக்கொடுக்கும் அதே விதி.

போர்க்காலத்தில் பெருமளவில் உருவான வில்லிஸ் எம்பி ஜீப்பை எடுத்துக்கொண்டு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். வகுப்பில் செய்து காட்டவும் ஏற்றது. அந்த வண்டியின் முதல் கியரின் விகிதம் 2.665. அதற்குப் பின்னால் இரண்டாவதாக ஒரு பெட்டி இருந்தது. பட்டறைகளில் டிரான்ஸ்பர் கேஸ் என்று வழங்கும் அதனை இங்கே பகிர்வுப் பெட்டி என்று அழைப்போம். எந்திரத்தின் ஆற்றலை முன் இருசுக்கும் பின் இருசுக்கும் பகிர்ந்தளிப்பது அதன் முதல் வேலை. அதற்குள்ளேயே உயர் வரிசை, தாழ் வரிசை என்று இரண்டு நிலைகளும் இருந்தன. தாழ் வரிசையின் விகிதம் 1.97. இருசில் உள்ள பற்சக்கரங்களின் விகிதம் 4.88. இம்மூன்றையும் பெருக்கினால் ஏறத்தாழ 25.6 வரும். அதாவது, எந்திரம் 25 சுற்றுக்கு மேல் சுற்றினால்தான் சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றும். எந்திரம் நிமிடத்திற்கு 800 சுற்றுகளில் முனகிக்கொண்டிருக்கும்போது வண்டி மனித நடையைவிடச் சற்று மெதுவாக நகரும். இராணுவம் கேட்ட 3 மைல் இவ்வாறு கிடைத்தது.

பழைய சொத்துகள்

ஜீப்பில் இருந்த எந்த உறுப்பும் அன்று புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்டதன்று. நகர்த்தி மாற்றும் பற்சக்கரங்களைக் கொண்ட கியர்ப் பெட்டியை பிரான்சின் பனார் லெவாசோர் நிறுவனம் 1890களின் தொடக்கத்திலேயே தன் வண்டிகளில் பொருத்திவிட்டது. வளைவில் திரும்பும்போது இடச் சக்கரமும் வலச் சக்கரமும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற இடங்கொடுக்கும் டிபரென்ஷியல் அதைவிடப் பழையது. 1827இல் ஒனேசிபோர் பெக்கர் என்ற பிரெஞ்சுக்காரர் நீராவி வண்டிக்காக அதற்குக் காப்புரிமை பெற்றார். நான்கு சக்கரங்களையும் இயக்கும் பெட்ரோல் மகிழுந்தை நெதர்லாந்தின் ஸ்பைக்கர் நிறுவனம் 1903இல் செய்து காட்டியது. அது பந்தய வண்டி. காட்டுப் பாதைக்கென்று அதனைச் செய்யவில்லை.

சேற்றை மனத்தில் வைத்துச் செய்தவர்கள் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில், கிளின்டன்வில் என்னும் சிற்றூரில் பட்டறை வைத்திருந்த ஆட்டோ சாக்கோவும் வில்லியம் பெசர்டிச்சும். 1908ஆம் ஆண்டையொட்டி அவர்கள் உருவாக்கிய நான்கு சக்கர இயக்க வண்டியிலிருந்து எப்.டபிள்யூ.டி. என்ற நிறுவனமே பிறந்தது. அதன் லோரிகள் முதல் உலகப் போரில் ஆயிரக்கணக்கில் ஐரோப்பியச் சேற்றில் உழன்றன. பெரிய கல்லூரிகளிலிருந்து வராமல் கிராமத்துப் பட்டறையிலிருந்து வந்த கண்டுபிடிப்பு என்பதால் மாணவர்களுக்குச் சொல்லத் தக்க செய்தி இது.

ஜீப் செய்தது என்னவென்றால், லோரிகளில் மட்டுமே இருந்த இந்த அமைப்பை ஒரு சிறு வண்டிக்குள் அடக்கியதுதான். 1945க்குள் வில்லிஸ், போர்டு ஆகிய இரு நிறுவனங்களும் ஏறத்தாழ 6 இலட்சத்து 40 ஆயிரம் ஜீப்புகளைச் செய்து குவித்தன. நாள் முழுதும் குதிரையோடும் கலப்பையோடும் இருந்த எத்தனையோ இளைஞர்கள் அந்த வண்டியில்தான் கியர் மாற்றப் பழகினார்கள்.

மூன்று கோல்கள்

ஜீப்பின் ஓட்டுநர் அருகே தரையிலிருந்து மூன்று கோல்கள் நீட்டிக்கொண்டிருக்கும். ஒன்று வழக்கமான கியர்க் கோல். இன்னொன்று முன் இருசை இணைக்கவும் விடுவிக்கவும் பயன்படுவது. மூன்றாவது உயர் வரிசைக்கும் தாழ் வரிசைக்கும் உரியது. முன் இருசை இணைக்காமல் தாழ் வரிசைக்குப் போக முடியாதபடி உள்ளேயே ஒரு தடுப்பு இருந்தது. தாழ் வரிசையில் பெருகும் முறுக்கு விசை முழுதும் பின் இருசின்மேல் மட்டும் விழுந்தால் அது தாங்காது என்பதே காரணம். எதை எப்போது மாற்ற வேண்டும் என்பதை விளக்கும் தகடு ஒன்றும் ஓட்டுநரின் முன்னே பொருத்தப்பட்டிருந்தது.

முதல் கியரை ஓடும்போது போடுவது தனிக் கலை. சுற்றும் இரண்டு பற்சக்கரங்களின் வேகத்தைச் சமன்செய்து நெருடலின்றிச் சேர்த்துவைக்கும் சின்க்ரோமெஷ் அமைப்பு 1928இலேயே கேடிலாக் மகிழுந்தில் வந்துவிட்டது. ஆனாலும் ஜீப்பின் முதல் கியருக்கு அது இல்லை. கிளட்சை மிதித்து நடுநிலைக்கு வந்து, கிளட்சை விட்டு, எந்திரத்தைச் சற்று முடுக்கி, மீண்டும் கிளட்சை மிதித்துக் கியரைப் போட வேண்டும். பழைய லோரி ஓட்டுநர்கள் இதனை இரட்டைக் கிளட்ச் என்பார்கள். காதாலும் காலாலும் அறிய வேண்டிய வித்தை. தவறினால் பற்கள் உராயும் ஓசை ஊருக்கே கேட்கும்!

போர் முடிந்த பின், இங்கிலாந்தில் ரோவர் நிறுவனத்தின் தலைமைப் பொறியாளர் மோரிஸ் வில்க்ஸ், ஆங்கில்சி தீவில் இருந்த தம் பண்ணையில் இராணுவம் கழித்த ஜீப் ஒன்றை ஓட்டிக்கொண்டிருந்தார். அதைப் பார்த்துத்தான் லேண்ட் ரோவர் பிறந்தது. 1948 ஏப்ரல் 30ஆம் நாள் ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் அது வெளியானது. முதலிரண்டு ஆண்டுகளில் வந்த வண்டிகளில் நான்கு சக்கர இயக்கம் எப்போதும் இருந்தது. முன் இருசின் வழியில் மட்டும் மிதிவண்டியின் பின் சக்கரத்தில் இருப்பது போன்ற விடுசக்கரம் ஒன்றை வைத்திருந்தார்கள். வளைவில் முன் சக்கரங்கள் விரைந்து சுற்ற அது இடங்கொடுத்தது. 1950இல் அதனைக் கைவிட்டு, ஓட்டுநர் வேண்டும்போது இணைத்துக்கொள்ளும் முறைக்கு மாறினார்கள். மஞ்சள் குமிழ் உள்ள கோலை அழுத்தினால் முன் இருசு சேரும். சிவப்புக் குமிழ் உள்ள கோல் தாழ் வரிசைக்கு. நம் நாட்டுத் தோட்டங்களில் வளர்ந்த பெரியவர்கள் பலருக்கு இந்தச் சிவப்பு மஞ்சள் குமிழ்கள் நினைவிருக்கும். அவசரகாலத்திலும் அதன் பின்னரும் தோட்டத்துத் துரைமார்கள் செம்மண் பாதைகளில் ஓட்டித் திரிந்தது பெரும்பாலும் இந்த வண்டியைத்தான். துரை எந்தக் கட்டத்தில் வருகிறார் என்பதை வண்டியின் முனகலை வைத்தே பால்வெட்டுக்காரர்கள் கணித்தார்கள் என்று முதியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். தாழ் வரிசையில் ஏறும் வண்டி அப்படித்தான் முனகும்.

இந்த எளிய கியர்ப் பெட்டி எவ்வளவு தூரம் தாங்கும் என்பதற்குச் சிங்கப்பூரே சாட்சி. 1955 செப்டம்பரில் ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகங்களைச் சேர்ந்த ஆறு மாணவர்கள் இரண்டு லேண்ட் ரோவர்களில் இலண்டனிலிருந்து புறப்பட்டார்கள். பர்மாவில் காடு மூடிக்கிடந்த போர்க்கால லெடோ சாலையைக் கடந்து, 1956 மார்ச்சில் சிங்கப்பூரை அடைந்தார்கள். அவ்விரண்டில் ஆக்ஸ்போர்டு என்று பெயர் பெற்ற வண்டி பின்னாளில் புதுப்பிக்கப்பட்டு, 2019இல் சிங்கப்பூரிலிருந்து புறப்பட்டு அவ்வாண்டு இறுதியில் இலண்டன் போய்ச் சேர்ந்தது. அறுபது வயது கடந்த வண்டி!

சப்பானியர்களின் வழி சற்று வேறாக இருந்தது. 1951இல் தொயோத்தா உருவாக்கிய பிஜே வண்டியில் தாழ் வரிசையே கிடையாது. லோரிக்குரிய பெரிய எந்திரத்தையும் லோரியின் நான்கு கியர்ப் பெட்டியையும் வைத்து, முதல் கியரையே மிகத் தாழ்வாக அமைத்துவிட்டார்கள். அந்த வண்டியை இச்சிரோ தைரா என்ற சோதனை ஓட்டுநர் அவ்வாண்டு ஜூலையில் பூஜி மலையின் ஆறாம் நிலை வரை ஓட்டிச் சென்றார். 1954இல் அதற்கு லேண்ட் குரூசர் என்று பெயர் வந்தது. ஆனால் அந்த வழி நீடிக்கவில்லை. 1960இல் வந்த 40 வரிசை வண்டியில் தாழ் வரிசைப் பெட்டியைச் சேர்த்துவிட்டார்கள். சாலையில் ஓட ஒரு தொகுதி, காட்டில் ஊர ஒரு தொகுதி என்று இரண்டும் தனித்தனியே இருப்பதே வசதி என்பதை அனுபவம் காட்டியது.

அணிவகுப்பும் வளைவும்

இங்கே ஒரு சிக்கலை விளக்கியாக வேண்டும். பெற்றோர்களுக்கும் இது பயன்படும்.

பள்ளி விளையாட்டுப் போட்டியில் மாணவர்கள் வரிசையாகக் கைகோத்து அணிவகுத்து வருகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். வரிசை இடப்பக்கம் திரும்பும்போது இடக்கோடியில் இருக்கும் பிள்ளை நின்ற இடத்திலேயே கால் மாற்றுகிறான். வலக்கோடியில் இருப்பவன் எட்டி எட்டி நடக்கிறான். இருவரும் ஒரே அளவில் அடிவைக்க வேண்டும் என்று கட்டளையிட்டால் வரிசை முறிந்துபோகும். வண்டியின் இடவலச் சக்கரங்களுக்கும் இதே நிலைதான். அதனால்தான் டிபரென்ஷியல். ஆனால் வளைவில் முன் சக்கரங்களும் பின் சக்கரங்களும்கூட ஒரே தூரம் செல்வதில்லை. முன் சக்கரங்கள் கூடுதல் தூரம் சுற்றி வருகின்றன. பழைய ஜீப்பிலும் லேண்ட் ரோவரிலும் நான்கு சக்கர இயக்கத்தைப் போட்டதும் முன் இருசும் பின் இருசும் விறைப்பாகப் பிணைக்கப்பட்டுவிடும். சேற்றில் சக்கரம் வழுக்கிச் சமாளித்துக்கொள்ளும். காய்ந்த தார்ச் சாலையில் வழுக்க முடியாது. தண்டுகளில் முறுக்கு ஏறிக்கொண்டே போகும், திருப்புவளையம் கனக்கும், இறுதியில் ஏதேனும் ஒன்று முறியும். இன்றும் நம் சாலைகளில் ஓடும் பிக்கப் வண்டிகள் பலவற்றில் இதே அமைப்புத்தான் இருக்கிறது. மழைக்குப் பயந்து நெடுஞ்சாலை முழுதும் நான்கு சக்கர இயக்கத்திலேயே ஓட்டிச் செல்லும் நண்பர்கள் வண்டியின் கையேட்டை ஒருமுறை புரட்டிப் பார்ப்பது நல்லது.

இச்சிக்கலுக்கு 1970இல் வந்த ரேஞ்ச் ரோவர் விடை சொன்னது. ஸ்பென் கிங் என்பவரின் தலைமையில் உருவான அவ்வண்டியில் முன் இருசுக்கும் பின் இருசுக்கும் நடுவே மூன்றாவதாக ஒரு டிபரென்ஷியல் வைத்தார்கள். அதனால் நான்கு சக்கர இயக்கம் எந்நேரமும் இருக்கலாம். அதன் 3.5 லிட்டர் எந்திரத்தின் வலிமையை ஒரே இருசு தாங்குவது கடினம் என்பதால் இரண்டிற்கும் பகிர்ந்தளிக்க வேண்டிய தேவையும் இருந்தது. டிபரென்ஷியலுக்கு ஒரு குறையும் உண்டு. ஒரு சக்கரம் சேற்றில் வழுக்கினால் இயக்கமெல்லாம் எளிய வழியைத் தேடி அந்தச் சக்கரத்திற்கே ஓடிவிடும். ஆகவே நடு டிபரென்ஷியலைப் பூட்டிவைக்க ஒரு பூட்டும் சேர்த்தார்கள். 1979இல் ஆஸ்திரியாவின் கிராஸ் நகரில் உருவாகத் தொடங்கிய மெர்சிடிஸ் ஜி வண்டி, முன் இருசு, பின் இருசு இரண்டிற்கும் பூட்டு வைத்து இன்னும் ஒரு படி போயிற்று.

ரேஞ்ச் ரோவருக்குக் கடுமையான தேர்வு விரைவிலேயே வந்தது. 1971 இறுதியில் ஜான் பிளாஷ்போர்டு-ஸ்னெல் தலைமையில் ஒரு பிரிட்டிஷ் குழு அலாஸ்காவிலிருந்து தென் அமெரிக்காவின் தென்முனை வரை இரண்டு ரேஞ்ச் ரோவர்களில் புறப்பட்டது. வழியில் பனாமாவுக்கும் கொலம்பியாவுக்கும் இடையே சாலையே இல்லாத டேரியன் சதுப்புக் காடு. அதைக் கடக்க மட்டும் ஏறத்தாழ 100 நாள்கள் பிடித்தன. சேற்றுக்கென்று மாட்டிய மிகப் பெரிய சக்கரங்கள் இயக்கப் பகுதியைப் பதம்பார்த்தன. டிபரென்ஷியல்கள் அடுத்தடுத்து உடைந்தன. சக்கரம் பெரிதானால் அதைச் சுழற்ற வேண்டிய முறுக்கு விசையும் பெரிதாகும் என்னும் பாடம்தான், ஆனால் மிகவும் விலையுயர்ந்த இடத்தில் நடந்த பாடம்.

ஆட்டோ கியர் காட்டுக்குள் வந்தது

தானியங்கிக் கியர் சோம்பேறிகளுக்கு என்றொரு கருத்து நம்மிடையே நெடுநாள் இருந்தது. காட்டுப் பாதை ஓட்டுநர்களிடையே அது இன்னும் அழுத்தமாக இருந்தது. 1963 மாதிரியாக வந்த ஜீப் வேகனீர், நான்கு சக்கர இயக்கத்தோடு தானியங்கிக் கியரையும் சேர்த்துத் தந்தபோது அதனை நகரத்துக் குடும்பங்களுக்கான சொகுசாகவே பார்த்தார்கள். ரேஞ்ச் ரோவருக்குத் தானியங்கி கிடைக்க 1982 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. ஆனால் 1980களின் நடுவில் அமெரிக்க இராணுவம் ஜீப்பின் இடத்திற்குக் கொண்டுவந்த ஹம்வீ வண்டியில் கிளட்சே இல்லை. மூன்று கியர்த் தானியங்கிதான். போர்க்களத்திற்கே அது போதும் என்றான பின் சோம்பேறிப் பேச்சுக்கு வலுவில்லாமல் போயிற்று.

தானியங்கியின் இரகசியம் டார்க் கன்வெர்ட்டர் என்னும் உறுப்பில் இருக்கிறது. இரண்டு மின்விசிறிகளை எதிரெதிரே வைத்து ஒன்றை மட்டும் இயக்கினால் அதன் காற்றில் மற்றதும் சுழலத் தொடங்கும். காற்றுக்குப் பதில் எண்ணெய் என்று கொண்டால் அதுவே டார்க் கன்வெர்ட்டரின் அடிப்படை. எந்திரத்திற்கும் சக்கரத்திற்கும் இடையே விறைப்பான பிணைப்பு இல்லை. ஆகவே பாறைமேல் சக்கரம் முட்டி நின்றாலும் எந்திரம் அணையாது. எண்ணெய் நழுவிக்கொண்டே தள்ளிக்கொண்டிருக்கும். மணலில் கியர் மாற்றும்போது இன்னொரு நன்மை தெரியும். கையால் மாற்றும்போது கிளட்ச் மிதித்த அந்த ஒரு நொடியில் இழுப்பு அறுந்து வண்டி புதைந்துவிடும். தானியங்கியில் இழுப்பு அறுவதில்லை.

இறக்கத்தில்தான் நிலைமை மாறுகிறது. செங்குத்தான சரிவில் இறங்கும்போது வண்டியைப் பிடித்து நிறுத்த வேண்டியது பிரேக் அன்று, கியர். தாழ் வரிசை முதல் கியரில் சக்கரம் எந்திரத்தைச் சுழற்ற முயலும். எந்திரம் எளிதில் இணங்காது. அந்தப் பிடிவாதமே வண்டியைக் காக்கும். கையால் மாற்றும் கியரில் இப்பிடி இறுக்கமாக இருக்கும். தானியங்கியில் எண்ணெய் நழுவுவதால் தளர்ந்துவிடும். சபா, சரவாக் உட்பகுதிப் பள்ளிகளுக்கும் தீபகற்பத்தின் பூர்வகுடிப் பள்ளிகளுக்கும் மரவெட்டுப் பாதைகளில் போய்வரும் நம் ஆசிரியர்களுக்கு இது ஏட்டுச் செய்தியன்று. மழை பெய்த செம்மண் சரிவில் பிரேக்கை மிதித்தால் சக்கரம் பூட்டிக்கொண்டு வண்டி சறுக்கும்; நீண்ட இறக்கம் முழுதும் மிதித்துக்கொண்டே வந்தால் பிரேக் சூடேறி வலுவிழக்கும். மேட்டின் உச்சியில் நின்று, தாழ் வரிசைக்கு மாற்றி, பிறகு இறங்க வேண்டும். இறங்கத் தொடங்கிய பின் மாற்ற முனைவது மிகவும் ஆபத்தானது. நடுவழியில் கியர் விடுபட்டு வண்டி தன்போக்கில் உருளும்.

கோல் போய்க் குமிழ் வந்தது

ஓட்டுநரின் கையிலும் காலிலும் இருந்த வித்தைகள் ஒவ்வொன்றாக எந்திரத்தின் பொறுப்புக்கு மாறியதே அடுத்த கட்டம். முன்பெல்லாம் நான்கு சக்கர இயக்கம் வேண்டுமென்றால், ஓட்டுநர் சேற்றில் இறங்கி முன் சக்கரங்களின் நடுவே உள்ள பூட்டைக் கையால் திருகிவிட்டு வர வேண்டும். 1948இல் தொடங்கிய வார்ன் என்ற அமெரிக்க நிறுவனம் புகழ்பெற்றதே அந்தப் பூட்டுகளால்தான். வேண்டாத நேரத்தில் முன் தண்டுகள் வீணே சுற்றாமல் எரிபொருளை மிச்சப்படுத்தும் ஏற்பாடு அது. நல்ல ஏற்பாடுதான், ஆனால் சேற்றில் சிக்கிய பிறகுதான் பூட்டின் நினைவே வரும் என்பது பலருடைய அனுபவம். 1991இல் வந்த இரண்டாம் தலைமுறைப் பஜேரோவில், மணிக்கு 100 கிலோமீட்டர் வேகம் வரை ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒரு கோலை நகர்த்தி இரண்டு சக்கரத்திலிருந்து நான்கு சக்கரத்திற்கு மாறலாம் என்றானது.

1997இல் லேண்ட் ரோவர் பிரீலேண்டர் இன்னொரு துணிச்சலைக் காட்டியது. பகிர்வுப் பெட்டியில் தாழ் வரிசையை எடுத்தேவிட்டார்கள். இறக்கத்தில் ஒவ்வொரு சக்கரத்தின் பிரேக்கையும் கணினியே மாறி மாறிப் பிடித்துவிடும் என்பது அவர்களின் விடை. 2004இல் வந்த மூன்றாம் டிஸ்கவரியில் புல், சேறு, மணல், பாறை என்று தரையின் வகையை ஒரு குமிழைத் திருகிச் சொன்னால் போதும். கியர், பூட்டு, எந்திரம் யாவற்றையும் கணினி அதற்கேற்பச் சரிசெய்துகொண்டது. 2015இல் வந்த ஹைலக்ஸ் தலைமுறையில் பகிர்வுப் பெட்டிக்கான கோல் மறைந்து முகப்பில் ஒரு சிறு குமிழ் அமர்ந்தது. சோலிஹலில் பழைய டிபெண்டர் 2016 ஜனவரி 29ஆம் நாள் நின்றது. அதன் பெயரோடு பின்னர் வந்த புதிய வண்டிக்கு எட்டுக் கியர்த் தானியங்கி மட்டுமே உண்டு.

இதைக் குறை சொல்ல நான் வரவில்லை. கணினி பிடிக்கும் பிரேக் எத்தனையோ உயிர்களைக் காத்திருக்கும். ஆனால் குமிழைத் திருகும் இளைஞருக்கு அதன் அடியில் எந்தப் பற்சக்கரம் எதனோடு சேர்கிறது என்று தெரியாது. தெரிந்திருக்க வேண்டிய தேவை சாலையில் இல்லை, காட்டில் உண்டு. தாழ் வரிசைக்குப் போக வண்டியை முழுதும் நிறுத்தி நடுநிலைக்குக் கொண்டுவர வேண்டும் என்று ஏன் கையேடு சொல்கிறது என்பது, உள்ளே பற்சக்கரங்கள் இடம் மாறுகின்றன என்று அறிந்தவருக்கு விளங்கும். அறியாதவர் குமிழில் விளக்கு மின்னிக்கொண்டே இருப்பதைப் பார்த்து வண்டி பழுதாகிவிட்டது என்று எண்ணுவார்.

தேவையுள்ளோர் பழையதைக் கைவிடவும் இல்லை. 2003இல் வந்த ஜீப் ரூபிகான் வண்டியில் தாழ் வரிசை விகிதம் 4. போர்க்கால ஜீப்பில் அது 1.97 என்பதை நினைவிற்கொள்க. 2007ஆம் ஆண்டின் ரூபிகானில் ஆறு கியர்ப் பெட்டியோடு சேர்த்துப் பெருக்கினால் 73 வருகிறது. 2021 மாதிரியாக மீண்டு வந்த போர்டு பிராங்கோவில், கையால் மாற்றும் பெட்டியில் ஊர்வதற்கென்றே தனிக் கியர் ஒன்றை வைத்து 94.75 வரை கொண்டுபோனார்கள். 25.6இலிருந்து 94.75! எந்திரங்களின் வலிமை பன்மடங்கு பெருகிய காலத்திலும் மெதுவாகப் போகும் ஆசை குறையவில்லை. சுசுகி ஜிம்னியின் கதையும் சுவையானது. அதன் மூன்றாம் தலைமுறையில் கோலை எடுத்துவிட்டுப் பொத்தான்களை வைத்தார்கள். 2018இல் வந்த நான்காம் தலைமுறையில் பொத்தான்கள் போய், பழைய கோலே திரும்பி வந்தது.

நம் நாட்டில் 1993இல் சபாவில் நடைபெற்ற கேமல் டிராபி பயணமும், 1997இலிருந்து நடைபெற்றுவரும் மழைக்காட்டுச் சவாலும் இவ்வண்டிகளுக்கு உலகம் அறிந்த சோதனைக் களங்கள் ஆயின. மழைக்காலச் சேற்றில் எவ்வளவு தாழ்ந்த கியரும் ஒரு கட்டத்தில் தோற்றுவிடும். பிறகு மரத்தில் கம்பிவடம் கட்டி இழுத்துத்தான் வெளியேற வேண்டும். அந்த இழுபொறிக்குள்ளும் இருப்பது பற்சக்கரம்தான் என்பதைச் சொல்லாமல் விட மனமில்லை.

இனி மின்சார வண்டிகள். மின்மோட்டாருக்கு நின்ற நிலையிலேயே முழு முறுக்கு விசை உண்டு. பெட்ரோல் எந்திரத்தைப் போல அணைந்துபோகும் பேச்சே இல்லை. ஆகவே கியர்ப் பெட்டியின் காலம் முடிந்தது என்று பலரும் எழுதினார்கள். 2024இல் வெளியான மின்சார மெர்சிடிஸ் ஜி 580 வண்டியில் சக்கரத்திற்கு ஒன்றாக நான்கு மோட்டார்கள். முன் இருசையும் பின் இருசையும் இணைக்கும் தண்டு இல்லை. பகிர்வுப் பெட்டி இல்லை. கிளட்சும் இல்லை. ஆனால் நின்ற இடத்தில் பெரும் பாரத்தைத் தள்ளும் மோட்டார் மிகுந்த மின்னோட்டத்தை இழுக்கும், விரைவில் சூடேறும். பாறையில் மணிக்கணக்காக ஊர வேண்டிய வண்டிக்கு அது ஆகாது. அதனால் அந்த நான்கு மோட்டார்களில் ஒவ்வொன்றுக்கும் வேகத்தைப் பாதியாகக் குறைக்கும் ஒரு தாழ் வரிசைப் பற்சக்கரத் தொகுதியைப் பொருத்தியிருக்கிறார்கள்.